மணவறைக்கு முன்னால் விழுந்தவள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொண்டுவந்து விட்ட நாலு சில்லுத் தள்ளுவண்டி வாசலிலேயே நிற்கிறது. அப்பா அதன் கைப்பிடியில் தன் குளிர்க் கோட்டைத் தொங்கவிடுகிறார். நான் அதன் கூடைக்குள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டு வைத்திருக்கிறேன், நல்ல காற்றோட்டம். நடப்பதற்கு மட்டும் அதை இன்னும் பாவிக்கவில்லை. நீ போன் எடுக்கும்போதெல்லாம் "ஓம் ஓம், அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நடக்கிறன்" என்று சொல்கிறேனே, அது பொய். உண்மையில் அந்த வண்டியைச் சுற்றிக்கொண்டு வாசலால் போகும்போதுதான் ஒருநாள் தடுக்கி விழப் பார்த்தேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "அம்மா, நீங்கள் ஆறுதலா இருங்கோ" என்று தொடங்கிவிடுவாய். அது உன் வேலைக் குரல். கொம்யூன் நகரசபை உனக்குச் சம்பளம் தருவதே அந்தக் குரலுக்குத்தான் என்று நினைக்கிறேன். வயது போனவர்களின் வீடுகளுக்குப் போய், தரைவிரிப்பைச் சுருட்டி, குளியலறையில் கைப்பிடி பூட்டி, அவர்கள் விழாமல் பார்ப்பது உன் தொழில். விழுவது என் தொழில். ஒரே குடும்பத்தில் இப்படி இரண்டு பேர் வந்து அகப்பட்டதற்கு யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்துக்கு நடுவில் நீ புகுந்து கதைக்க முடியாது. மெதுவாக வாசி. பனியிலும் குளிரிலும் உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒரு நாளுக்காகத்தான். விளங்காததை உன் பெண்சாதி தர்சினியிடம் கேள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்களை லில்லெஸ்ட்ரோமுக்குக் கூட்டிக்கொண்டு போய் உன் வீட்டுக் கீழ்த்தட்டைக் காட்டப் போகிறாய். நாங்கள் இருக்கிற வெஸ்ட்லி வீட்டை விற்றுவிட்டு அங்கே வந்துவிட வேண்டும் என்பது உன் திட்டம். அதோடு நீ, என்னை வைத்துப் படம் எடுக்கிற கேதீசுக்குப் போன் எடுத்து "அம்மா இனி நடிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டாய். அவன் அழாக்குறையாக என்னிடம் வந்து சொன்னான். அடுத்த படத்தில் என் இடத்துக்கு அவன் யாரைப் போட்டிருக்கிறான் தெரியுமா? பரமேஸ் அக்காவை. விழுவதற்கு முன் சேலைக் கொய்யகத்தைச் சரிசெய்து, கீழே என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்த்து, ஒரு கையை ஊன்றி, மெல்ல இருக்கிற மனிசி. அதற்குப் பெயர் விழுவதில்லை, குந்துவது. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் பேனையை எடுத்தேன், உண்மையைச் சொல்கிறேன்.

என் நடிப்பு வாழ்க்கையில் பாதியை, படிக்கப் போன இடத்தில் இருந்ததால் நீ பார்க்கவில்லை. மீதியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாய். ஆனால் அதன் தொடக்கத்தில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நாங்கள் நோர்வேக்கு வந்த முதல் குளிர்காலம். உனக்கு ஏழு வயது. வெஸ்ட்லிச் சரிவில் இறங்கி, உன்னைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து ரி-பானே ரயில் பிடித்து நான் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு வேலைக்குப் போக வேண்டும். அந்தச் சரிவு முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். சப்பாத்துக்கு அடியில் முள்ளுப் பூட்டலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் விழுந்தேன். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும், உடம்பை இறுக்கினால் முள்ளந்தண்டு போகும், ஆகவே நாடியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உடுப்பு மூட்டை மாதிரித் தளர்ந்து போய்விட வேண்டும் என்று என் உடம்பு தானாகவே படித்துக்கொண்டது.

வலியை விட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. சரிவின் இரண்டு பக்கமும் மாடி வீடுகள், ஒவ்வொரு யன்னலிலும் கோப்பியோடு ஒரு முகம். அதனால் விழுந்து எழும்பியதும் நான் ஒரு வேலை செய்வேன். நிமிர்ந்து நின்று, சுற்றும்முற்றும் பார்ப்பேன். விழுந்தது நானில்லை, இங்கே யாரோ விழுந்துவிட்டார்களாம், யாரென்று பார்க்க வந்தவள் நான் என்ற முகத்தோடு பார்ப்பேன். பிறகு இந்த நகரத்துத் தமிழாக்கள் எல்லாம் கண்டு சிரித்த முகம் அதுதான். உனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை. நான் அந்த முகத்தைப் போட்டதும் நீ என் கையை விட்டுவிட்டு, வேறு யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி முன்னால் நடப்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை ராசா. நான் மட்டும் என்ன, நானே எனக்கு வேறு யாரோ மாதிரித்தானே நின்றேன்.

கேதீசின் கதைக்கு வருகிறேன். குருண்லாந்துக் கடைத்தெருவில் மரக்கறிக்கடை வைத்து, பக்கத்தில் படக் கசெற்றும் வாடகைக்கு விட்டவன், ஒருநாள் வீடியோக் கமரா வாங்கினான். வாங்கியவன் சும்மா இருப்பானா? மகனைப் பிரிகிற ஒரு தாயின் துயரத்தைப் படமாக எடுத்துத் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழாவில் காட்டப் போவதாகச் சொன்னான். கடையில் நான் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது என் முகத்தைப் பார்த்து, "அக்கா, உங்கட முகத்தில நல்ல சோகம் இருக்கு" என்றான். முருங்கைக்காயின் விலையைப் பார்த்தால் யாருக்குத்தான் சோகம் வராது. வெஸ்ட்லி ஸ்ரேசனுக்கு வெளியே, குளிர் கொட்டுகிற ஒரு காலையில் எடுத்தோம். பக்கம் பக்கமாக வசனம். நான் அழுது, நெஞ்சில் கையை வைத்து, துயரம் தாங்காமல் இரண்டு அடி பின்னால் போனேன். பின்னால் ஐஸ். மகனுக்கென்று கையில் வைத்திருந்த பலகாரப் பெட்டியோடு வழுக்கி விழுந்தேன். எழும்பி, பழக்க தோசத்தில் அந்த முகத்தைப் போட்டுவிட்டு, அழுகையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

வெட்டி எடுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டில் போய்ப் போட்டுப் பார்த்தால் சத்தமே பதியவில்லை. குளிருக்கு மைக் கெட்டுவிடும் என்று அதற்கு ஒரு கம்பளித் தொப்பி போட்டுவிட்டிருந்தான் பாவி. என் வசனம் எல்லாம் தொப்பிக்குள் போய்விட்டது. மண்டபம் எடுத்தாயிற்று, நோட்டீசும் கொடுத்தாயிற்று. இடையிடையே எழுத்துப் போட்டு, பின்னால் ஒரு மிருதங்கத்தை அடிக்கவிட்டு, வெட்ட நேரமில்லாமல் அப்படியே ஓடவிட்டான். நான் விழுந்த இடத்தில் மண்டபம் வெடித்தது. கேதீஸ் திரைக்குப் பின்னால் இருந்து அழுதான். எனக்கும் முதலில் எழும்பி ஓட வேண்டும் போலத்தான் இருந்தது.

பிறகுதான் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்தேன். முன்வரிசையில் இங்கே பிறந்த சின்னன்கள். தமிழ் நாடகம் போட்டால் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு இருக்கிற கூட்டம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வாசலில் திறப்புக்கோர்வையோடு நின்ற மண்டபக் காவலாளி, அசல் நோர்வேக்காரர், கண்ணைத் துடைத்தார். தமிழ்நாட்டிலிருந்து கொம்பியூட்டர் வேலைக்கு வந்திருந்த ஒரு பிள்ளை என்னிடம் வந்து, "ஆன்ட்டி, உங்க ஆளுங்க பேசினா எனக்குப் பாதிதான் புரியும். நீங்க விழுந்தது முழுசாப் புரிஞ்சுது" என்றாள். ஒரே மண்டபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அடுத்த கிழமை கேதீஸ் வந்து, "அக்கா, இனி வசனமே வேண்டாம். உங்களுக்கு வாய் ஒரு இடைஞ்சல்" என்றான். அப்பாவுக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துவிட்டது. இன்றுவரைக்கும் சொல்கிறார்.

அப்படித்தான் நான் ஊமைப்படத்துச் சிரிப்பு நடிகை ஆனேன். மாடிவீட்டுப் பொதுச் சலவை அறையில் பக்கத்துவீட்டுக்காரியின் போர்வைக்குள் சுற்றுப்பட்ட படம், நகரும் படிக்கட்டில் சோறும் கறியும் ஏற்றிய படம், பனிச்சறுக்குக் கட்டையோடு கோயிலுக்குப் போன படம் என்று வருசத்துக்கு ஒன்றாவது வந்தது. ரி-பானேயில் தமிழாக்கள் என்னைக் கண்டால் இருக்கை தர மாட்டார்கள். நிற்கவிட்டுப் பார்ப்பார்கள். ஒரு மனிசன் தன் ஸ்ரேசன் வந்தும் இறங்காமல், வண்டி குலுங்கும்போதெல்லாம் என்னையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் ஏமாந்து போய் இறங்கினார், பாவமாக இருந்தது.

இந்தத் தொழிலில் நான் படித்ததில் உன் கலியாண வாழ்க்கைக்கு உதவக்கூடியது ஒன்று உண்டு. விழுகிறவர் சிரிக்கக் கூடாது, மற்றவர் சிரிக்கலாம். தர்சினி உன்னோடு கோபித்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்தும்போது அவளுடைய சால்வை கதவில் மாட்டிக்கொண்டால், உனக்கு எவ்வளவு முட்டினாலும் சிரிக்காதே. போய்க் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்து இரு. உன் சால்வை மாட்டினால் அவள் வேண்டியமட்டும் சிரிக்கட்டும். நானும் அப்பாவும் இத்தனை வருசம் குடும்பம் நடத்தியது இப்படித்தான். அவருடைய சால்வை அடிக்கடி மாட்டும்.

இனி உன் கலியாணம். அதற்கு ஒரு மாதம் முன்னால் நீ வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாய்.

"அம்மா, கலியாணத்தண்டைக்கு நீங்கள் ஒண்டும் செய்யக்கூடாது."

"நான் என்னத்தைச் செய்யப் போறன்?"

"தெரியும்தானே. விழுறது."

"ஆரும் வேணுமெண்டு விழுவினமோ?"

"நீங்கள் விழுவீங்கள். தர்சினியின்ர அப்பா கோயில் சபையில இருக்கிறவர். அவர் உங்கட படத்தில ஒண்டுக்கும் சிரிச்சதில்லையாம். ப்ளீஸ் அம்மா. அந்த ஒரு நாள் மட்டும் சாதாரண அம்மாவா இருங்கோ."

சாதாரண அம்மா. அந்தச் சொல் எனக்குச் சுட்டது. ஆனாலும் உன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். பண்ணியதை மனதார நினைத்துத்தான் பண்ணினேன். வழுக்காத றப்பர் அடிச் செருப்பு ஒன்று தேடி நகரம் முழுக்க அலைந்து, சேலை நிறத்துக்குப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை என்று வாங்கினேன். மற்றப் பெண்கள் மண்டபத்தில் பளபளவென்று வர, நான் மட்டும் ஆஸ்பத்திரிச் செருப்போடு வந்தேனே, ஏனென்று நீ ஒருமுறையாவது கேட்டாயா?

அன்றைக்கு நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஐயர் புகை மணி அடித்துவிடும் என்று பயந்து பயந்து சுண்டுவிரல் அளவு நெருப்பு வளர்த்து முடித்துவிட்டார். தர்சினி கூறைச் சேலை மாற்றிக்கொண்டு வந்து இருந்தாள். நான் மணவறைக்குக் கீழே, மணமக்கள்மேல் தூவச் சனத்துக்கு அறுகரிசியும் பூவும் கொடுத்துக்கொண்டு தட்டோடு நின்றேன். கெட்டிமேளம் என்று ஐயர் கை காட்டினார். எல்லாரும் அரிசியைக் கைக்குள் பொத்திக்கொண்டு எழும்பினார்கள். நீ தாலிக்கொடியைத் தர்சினியின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனாய். மஞ்சள் கயிறாக இருந்தால் முடிச்சைப் போட்டுவிட்டு விடலாம். எங்களுடையது கனத்த தங்கக் கொடி, பிடரியில் வைத்துப் பூட்ட வேண்டும், பூட்டுகிற திருகாணி ஒரு மிளகு அளவு. குளியலறைச் சுவரில் யானை தொங்கினாலும் கழலாத கைப்பிடி பூட்டுகிற என் மகனுக்கு அன்றைக்குக் கை நடுங்கியது. திருகாணி கையை விட்டுப் போனது.

யாரும் காணவில்லை என்று நீ நினைத்தாய். மற்றவர்கள் உன் முகத்தைப் பார்த்தார்கள், நான் உன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊமைப்படத்தில் நடித்தவளுக்கு முதலில் கைதான் கண்ணில் படும். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். வெஸ்ட்லிச் சரிவில் கால் வழுக்கத் தொடங்கி, ஆனால் இன்னும் விழாமல் நிற்கிற அந்த ஏழு வயதுப் பிள்ளையின் முகம். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சத்தியம் எங்கே ஞாபகம் வந்தது.

முன்வரிசையில் யார் இருந்தது தெரியும்தானே? தர்சினியின் பெரியமாமி. குத்துவிளக்கின் சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பலன் சொல்லுகிற மனிசி. கெட்டிமேளம் முழங்குகிற நேரத்தில் தாலி பூட்டுப்படாமல் மாப்பிள்ளை கீழே தேடுகிறதை அவர் கண்டிருந்தால், ஆயுள் முழுக்கத் தர்சினிக்குத் தும்மல் வந்தாலும் அந்தத் திருகாணிதான் காரணம். பிள்ளை பிறக்கச் சுணங்கினால் திருகாணி. உனக்கு வேலை போனால் திருகாணி. அதை அவளுடைய காது படவே சொல்வார்கள். அதற்குப் பதிலாக நான் விழுந்தால் என்ன சொல்வார்கள்? இவவுக்கு வேறு வேலை என்ன என்பார்கள். என்னிடம் அபசகுனம் ஒட்டாது ராசா. என்னை யார் இதுவரை பெரிய ஆளாக எடுத்தார்கள், ஒட்டுவதற்கு.

ஆகவே விழுந்தேன். தலையை நன்றாக நிமிர்த்தி, தட்டை நீட்டிக்கொண்டு சனத்தின் பக்கம் திரும்பி, இடது காலால் என் சேலைக் கரையை நானே மிதித்தேன். அந்த றப்பர்ச் செருப்பு பெரிய இடைஞ்சல், முதல் தரம் வழுக்கவே இல்லை, முழங்காலை மடக்கித்தான் போக வேண்டியிருந்தது. தட்டு மேலே போனது. அறுகரிசி முழுக்கச் சம்பந்தியின் தலையில் கொட்டியது, ஒரு ரோசாப்பூ அவருடைய காதில் செருகினது போல நின்றது. நாதஸ்வரக்காரர் எந்த இராகத்திலும் இல்லாத ஒரு சுரத்தை ஊதிவிட்டார். இரண்டு வீடியோக்காரரும் கமராவை என் பக்கம் திருப்பினார்கள். மண்டபம் ஐயோ என்றது. கிடந்த இடத்திலிருந்து மணவறை எனக்கு நன்றாகத் தெரிந்தது. தோழியாக நின்ற உன் தங்கச்சி குனிந்து கூறைச் சேலை மடிப்புக்குள் கையை விட்டாள், எடுத்தாள், உன் கையில் வைத்தாள். நீ பூட்டி முடிக்கும்வரை நான் எழும்பவில்லை. பிறகு எழும்பி, யார் விழுந்தது என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். அப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தூக்குகிற சாட்டில் காதுக்குள், "வடிவா விழுந்தனீர். ஆனா கொஞ்சம் கூட நேரம் கிடந்திட்டீர்" என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் நீ மாலையும் கழுத்துமாக இறங்கி வந்து, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாய். நான் விளையாடவில்லை, உண்மையாக விழுந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாய். பக்கத்தில் நின்ற சம்பந்தி தலையிலிருந்த அரிசியைத் தட்டிக்கொண்டு, "பாவம், வயசு போட்டுது" என்றார். என் ஆயுளில் நான் நடித்த மிகச் சிறந்த விழுகைக்கு எனக்குக் கிடைத்த விமர்சனம் அதுதான். இல்லை என்று சொன்னால் ஏன் விழுந்தாய் என்ற கேள்வி வரும், திருகாணி வெளியே வரும். ஆகவே ஓம் என்று தலையாட்டினேன். ஒரு கிழமையில் மறந்துவிடுவாய் என்று பார்த்தால், நீ தேன்நிலவுக்குப் போகாமல் என் வீட்டுத் தரைவிரிப்பைச் சுருட்ட வந்தாய். தள்ளுவண்டி வந்தது. விழுந்தால் அமத்துவதற்கு ஒரு பொத்தானை என் கழுத்தில் தொங்கவிட்டாய். ஒரே கிழமைக்குள் இரண்டு பெண்களுக்குக் கழுத்தில் கட்டிய ஆள் நீ. எனக்குக் கட்டும்போது மட்டும் கை நடுங்கவேயில்லை.

அப்பாவும் தங்கச்சியும் நான் கேட்டுக்கொண்டதற்காக வாயைத் திறக்கவில்லை. தர்சினிக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் இருந்தேன். ஆனால் நீ குளியலறையில் துளை போட்டுக்கொண்டு நின்ற நேரம் அவள் குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"மாமி, திருகாணி விழுந்தது எனக்குத் தெரியும். முதுகால உருண்டு போனது. நான் மூச்சே விடேல்லை. பெரியமாமி என்னையே பாத்துக்கொண்டு நிண்டவ. அப்பதான் நீங்கள் விழுந்த சத்தம் கேட்டது."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாய் எனக்கு இடைஞ்சல்தானே. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் துளை போடுகிற சத்தம் நிற்கும்வரை விடவில்லை. பிறகு, "அவருக்கு நான் சொல்லட்டோ?" என்று கேட்டாள். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். நீ எனக்குக் கிடைத்த நல்ல பிள்ளைதான், ஆனால் அவள் உன்னை விடக் கெட்டிக்காரி. அவளைக் கவனமாகப் பார்.

உனக்குத் தாலி கட்டுகிற வீடியோ இல்லை என்று பெரிய துக்கம். அந்த இடத்தில் நான் விழுந்து கிடக்கிறதுதான் இருக்கிறதாம். எனக்கு ஒரு பிரதி எடுத்துத் தா. நான் நடித்ததில் நீ நம்பிய ஒரே படம் அது.

எனக்கு உண்மையாகவே வயது போகும், தம்பி. அது தெரியாத ஆள் இல்லை நான். எழும்பும்போது முழங்கால் என்னோடு தர்க்கம் பண்ணத் தொடங்கிவிட்டது. ஒருநாள் நடிக்காமல் விழுவேன். அன்றைக்கு யார் விழுந்தது என்று பார்க்கிற அந்த முகத்தை உனக்குக் காட்டமாட்டேன், உன்னைக் கூப்பிடுவேன். இது உன் தலையில் கை வைக்காமலே செய்கிற சத்தியம், இதை மீறமாட்டேன். அன்றைக்கு லில்லெஸ்ட்ரோம் கீழ்த்தட்டைப் பற்றிக் கதைப்போம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இருக்கிறது. கேதீசுக்கு நீயே போன் எடுத்து, அம்மா நடிப்பா என்று சொல்லு. பரமேஸ் அக்காவுக்கு நான் சொல்லுகிறேன், அந்தச் சந்தோசத்தை எனக்கு விடு. தள்ளுவண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடாதே. வெஸ்ட்லிச் சரிவின் உச்சியில் அது என் கையை விட்டுத் தப்பி, வெங்காயத்தோடும் உருளைக்கிழங்கோடும் ஓட, நான் பின்னால் ஓடுகிறேன், அதுதான் படம். ஐஸ் நன்றாகப் பிடித்திருக்கிறது. தர்சினியையும் கூட்டிக்கொண்டு வா. சரிவுக்குக் கீழே ஸ்ரேசனடியில் நின்று வண்டியைப் பிடிக்க நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டும் என்று கேதீஸ் கேட்டான், உன் பெயரைச் சொன்னேன்.

வண்டியை மட்டும் பிடி. என்னைப் பிடித்துவிடாதே, படம் கெட்டுப்போகும்.

அன்புடன்
அம்மா